கோட்டை பார்க்கப் போன பஸ்ஸில் என் வீட்டு விவகாரம்

போன ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத இருபத்தி இரண்டு பேர், நான் என் வீட்டை விற்கலாமா கூடாதா என்று ஆலம்பரைக் கோட்டையில் நின்றுகொண்டு விவாதம் நடத்தினார்கள்.

நான் யாரையும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் காரணம் நான்தான். என் வாய்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர். முப்பத்தைந்து வருஷமாக ஒரே வீடு. நான் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வீட்டுக்காரர் ரங்கநாதன், பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவர். ஒரே பையன் அருண். சென்னையில் வேலை, சென்னையில் கல்யாணம், சென்னையில் குடித்தனம். மருமகள் நித்யா.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனவரியில் இவர் பாத்ரூமில் தலை சுற்றி விழுந்துவிட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, நெற்றியில் நான்கு தையல். ஆனால் நான் போனில் "அப்பா விழுந்துட்டார்டா!" என்று அலறிய அலறலில், அருண் அடுத்த ஃப்ளைட்டைப் பிடித்து வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. விழுந்தவர் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு. "வீட்டை வித்துட்டு இங்க வந்துடுங்கம்மா."

நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுத்தேன். இவரும் யோசிக்கலாம், யோசிக்கலாம் என்று இழுத்தார். போன மாதம் பார்த்தால், அவர்கள் குடியிருக்கும் அதே பில்டிங்கில், மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் விலைக்கு வந்திருக்கிறது! அருணுக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் போட்டு எங்களை வரவழைத்தான். சனிக்கிழமை ஃபிளாட்டைச் சுற்றிக் காட்டினான். நான் தலையாட்டினேன். இவரும் தலையாட்டினார். திங்கட்கிழமை ஓனருக்கு பதில் சொல்ல வேண்டுமாம்.

"நாளைக்கு ஒரு நாள் டூர் புக் பண்ணியிருக்கேன். கடலோரமா கோட்டை, தோட்டம் எல்லாம் பாருங்க. போற வழியில ரெண்டு பேரும் நிதானமா பேசி முடிவு பண்ணுங்க. ராத்திரி சாப்பிடும்போது சொன்னா போதும்" என்றான் அருண்.

பேசி முடிவு பண்ணச் சொன்னான். பேசினோம்.

எப்படிப் பேசினோம் என்பதைச் சொல்வதற்கு முன்னால் ஹைதராபாத் தமிழர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தமிழ் என்பது தாய்மொழி மட்டும் இல்லை — ரகசிய மொழி. காய்கறிக் கடையில் கடைக்காரர் எதிரிலேயே, "கத்திரிக்கா பூரா சொத்தை, பேசாம நடங்க" என்று சத்தமாகச் சொல்லலாம். கல்யாண வீட்டில் பெண்ணின் மேக்கப்பைப் பற்றிப் பக்கத்தில் நின்றே அபிப்பிராயம் சொல்லலாம். லிஃப்டில், பேங்க் க்யூவில், டாக்டர் எதிரில்கூட... "இவருக்கு ஒண்ணும் தெரியலைங்க, வேற ஆள்கிட்ட போலாம்." டாக்டர் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதுவார்.

மெட்டுகுடா பக்கம் போனால் மட்டும் வாயைக் கட்டுவோம். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் யார் தமிழர், யார் தெலுங்கர் என்று சொல்ல முடியாது. மற்ற இடமெல்லாம் ஃப்ரீ. அதிலும் பஸ் என்றால் கேட்கவே வேண்டாம். முப்பத்தைந்து வருஷத்துக் குடும்ப விவகாரங்களை நாங்கள் செகந்திராபாத் பஸ்ஸில்தான் பேசித் தீர்த்திருக்கிறோம். இதில் இன்னொரு சங்கதி... யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் ரகசியத்தைச் சத்தமாகப் பேசிப் பேசி, எங்கள் இருவருக்கும் மெதுவாகப் பேசுவது என்பதே மறந்துபோய்விட்டது.

சென்னையில் எல்லோருக்கும் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் என்ன பைத்தியமா? ஆனால் தெரிவது வேறு, பழக்கம் வேறு. நாங்கள் சென்னைக்குப் போனால் அருண் காரில்தான் போவோம், வருவோம். இரண்டு பேர் மட்டும் தனியாக பஸ்ஸில் ஏறியது இதுதான் முதல் தடவை. அதுவும் எங்களுக்கு முன் வரிசையில் ஒரு நாக்பூர் குடும்பம். நான்கு பேரும் ஹிந்தியில் கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். கைடு செல்வி மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் குட்மார்னிங் சொன்னாள், பிறகு ஹிந்தியில் நமஸ்தே சொன்னாள். அவ்வளவுதான். காதில் ஹிந்தி, எதிரே பஸ் சீட்டின் முதுகு. என் மூளை, இது செகந்திராபாத் பஸ் என்று முடிவு செய்துவிட்டது.

காலை ஆறரைக்குத் திருவான்மியூரில் கிளம்பினோம். வழியில் டிபனுக்கு நிறுத்தினார்கள். எதிர் டேபிளில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இட்லியை வெகு மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தத் தொப்பிக்காரரைப் பாருங்க. ஏழாவது இட்லி. சட்னியை இட்லிக்குத் தொட்டுக்கறாரா, இட்லியை சட்னிக்குத் தொட்டுக்கறாரா?"

இவர் திரும்பி நன்றாகவே பார்த்தார். "விடு பத்மா, காசு கொடுத்துட்டார், சாப்பிடறார். ஆனா மதியம் பஸ்ல குறட்டை நிச்சயம்."

பெரியவர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். நாங்களும் பதிலுக்குச் செய்தோம். என்ன நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. கடலை ஒட்டி, செங்கல் மதில். வாசலில் இரண்டு பீரங்கி. உள்ளே நுழைந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? வாசல் வளைவின் கீழே நின்று இரண்டு கையையும் பலமாகத் தட்டினார். கோல்கொண்டாவில் வாசலில் கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் — ஹைதராபாத்காரர்கள் எந்தக் கோட்டைக்குப் போனாலும் வாசலில் கை தட்டிப் பார்க்காமல் உள்ளே போக மாட்டார்கள். இங்கே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு காக்கா பறந்தது. செல்வி ஓடிவந்து, "என்ன சார், யாரையாவது கூப்பிடறீங்களா?" என்றாள்.

கோல்கொண்டா பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோட்டைதான். ஆனால் அழகு. புல்வெளியை நன்றாக வைத்திருக்கிறார்கள். டச்சுக்காரர்களின் கல்லறைகளில் பூவேலையும் எழுத்துமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். எங்கேயோ பிறந்து, மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு வந்து, இந்த வெயிலில் படுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் ஏறினார்கள். பஸ் கிளம்பியது.

"என்னாச்சு? வெயிலா?" என்றார் இவர்.

"என்னங்க... எனக்கு அந்த ஃபிளாட்டுக்கு வர இஷ்டமே இல்லை."

சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு மட்டும் இருக்கா?"

"அப்புறம் ஏன் நேத்து தலையாட்டினீங்க?"

"நீ ஆட்டினே. சரி, உனக்குப் பிள்ளைகிட்ட வரணும்னு ஆசை போலிருக்குன்னு நானும் ஆட்டினேன்."

"நீங்க விழுந்து எழுந்ததுலேர்ந்து பயந்து போயிருக்கீங்க, அவன் பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்னு நான் ஆட்டினேன்."

பார்த்தீர்களா கூத்தை? நாற்பது வருஷத் தாம்பத்யம்! ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, இருவருமே விரும்பாத ஃபிளாட்டை வாங்கப் போனோம்.

அதற்குப் பிறகு நான் அடக்கிக்கொள்ளவில்லை. மடை திறந்துவிட்டது. "அந்த கிச்சன்ல ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளியே போயிடணும். பால்கனிக்குப் போனா எதிர் வீட்டு பால்கனி. அவங்க என்ன காய் நறுக்கறாங்கன்னு இங்கேர்ந்தே சொல்லலாம். நம்ம ராவ் நகர்ல காலைல கதவைத் திறந்தா பக்கத்து வீட்டு சுஜாதா காரு 'ஏம்மா, காபி அயிந்தா?'ன்னு கேக்கறா. இங்க காபி குடிச்சியான்னு யாருங்க கேப்பா? அங்க நம்மளைத் தமிழ்க்காராங்கறா. இங்க வந்தா ஹைதராபாத்காராங்கறா."

"ஹவ், ஆமா" என்றார் இவர். "நேத்து வாட்ச்மேன்கிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசினதுமே, 'சார் ஆந்திராவா?'ன்னு கேட்டான்."

"அது மட்டுமா? நித்யா நல்ல பொண்ணு. பாவம், எனக்கு பயந்து நேத்து ரெண்டு தடவை ரசம் வச்சா. ஒரே பில்டிங்ல இருந்தா நான் தினம் நாலு தடவை இறங்கிப் போய் மூக்கை நுழைப்பேன். வேண்டாம்னு நினைச்சாலும் நுழைப்பேன். என் சுபாவம் எனக்குத் தெரியாதா? ஒரு வருஷத்துல அந்தப் பொண்ணுக்கு என்னைக் கண்டாலே ஆகாமப் போயிடும்."

"சரி, இதை அருண்கிட்ட நீயே சொல்லு."

"நானா? நீங்க சொல்லுங்க. அப்பா நீங்க."

"நக்கோம்மா நக்கோ, வேண்டாம்! அவன் மூஞ்சி வாடினா என்னால பார்க்க முடியாது."

"எனக்கு மட்டும் முடியுமா? அன்னைக்கு ஃப்ளைட்லேர்ந்து இறங்கி வந்து நின்னானே... நான் அலறின அலறல்ல குழந்தை நடுங்கிப் போயிட்டாங்க. அவன் ஆசையா கூப்பிடும்போது எப்படிங்க வேண்டாங்கறது?"

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. நாக்பூர்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன்.

ஆலம்பரை வந்தது. இறங்கினோம். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கழிமுகத்தை ஒட்டிய கோட்டை. பாதி சுவர் நிற்கிறது, பாதி மணலில் கிடக்கிறது. காற்று அள்ளிக்கொண்டு போகிறது. நான் ஒரு சுவர் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் இருந்த பெண்மணி — ஐம்பது வயதிருக்கும் — நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, என் பேரு வசந்தி. கீழ்க்கட்டளைல டெய்லரிங் கடை வச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீட்டை மட்டும் வித்துடாதீங்க."

"எந்த வீட்டை?"

"ராவ் நகர் வீட்டைத்தான்."

எனக்கு விக்கல் எடுத்தது. வசந்தி முதுகில் தட்டினார். அப்போது தொப்பிக்காரர் மெதுவாக நடந்து வந்தார்.

"வீடு விஷயம் அப்புறம் பேசலாம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அஞ்சு இட்லிதான். ஏழு இல்லை."

பூமி பிளக்காதா, உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. கோட்டையில் பள்ளத்துக்குக் குறைவில்லை, ஒன்றில் இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இவரைப் பார்த்தேன். இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்து வரும்போதெல்லாம் இவர் வேறு எதையாவது பார்ப்பார்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "மன்னிச்சுடுங்க சார். ஹைதராபாத்ல இப்படியே பேசிப் பேசிப் பழக்கமாயிடுச்சு. யாருக்கும் புரியாதுன்னு..."

"எல்லாருக்கும் புரிஞ்சுதும்மா" என்றார் தொப்பிக்காரர். "டிரைவருக்கே புரிஞ்சுது. நீங்க அழுதப்ப அவர் ஹாரன்கூட அடிக்கலை."

பிறகு என்ன? வட்டமாகக் கூடிவிட்டார்கள். நம் ஜனங்களுக்கு அடுத்த வீட்டு விவகாரம் என்றால் வெயில் உறைக்குமா? கோட்டையாவது, கடலாவது! ஒருவர், சென்னையில் மழை வந்தால் தரைத்தளம் ஆபத்து, மூன்றாவது மாடி நல்லதுதான் என்றார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், "ஆன்ட்டி, நீங்க மருமகளைப் பத்தி சொன்னீங்க பாருங்க, எங்க மாமியார் இதைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவன் அவசரமாக செல்ஃபி எடுக்கப் போய்விட்டான். வசந்தி, "கைல தெம்பு இருக்கற வரைக்கும் நம்ம வீட்டு சாவி நம்ம இடுப்புல இருக்கணும்க்கா" என்றார். பாதிக்கு மேல் அவர் கட்சி.

தூங்கி எழுந்த நாக்பூர் அம்மாள், "க்யா ஹுவா?" என்று கவலையாகக் கேட்டார். அதுவரை கடலைப் பார்த்த இவருக்கு அப்போதுதான் வாய் வந்தது. "குச் நை, கர் நை பேச்னா போல்ரே சப் லோகா" (ஒன்றுமில்லை, எல்லோரும் வீட்டை விற்காதே என்கிறார்கள்) என்று எங்கள் ஊர் ஹிந்தியில் முழுக் கதையையும் சொன்னார். கேட்டுவிட்டு அந்த அம்மாளும் வீட்டை விற்கக் கூடாது பக்கம் சேர்ந்துகொண்டார்.

தொப்பிக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. கூட்டம் கலைந்து நடக்கும்போது என் பக்கத்தில் வந்தார்.

"என் பொண்ணு அமெரிக்கால இருக்காம்மா. வீட்டுக்காரி போனப்புறம் வா வான்னு கூப்பிட்டா. எனக்குப் போக இஷ்டமில்லை. அதைச் சொல்லலை. ஒரு தடவை விசான்னேன், ஒரு தடவை முட்டி வலின்னேன், ஒரு தடவை குளிர்னேன். எல்லாத்துக்கும் அவ வழி பண்ணினா. நான் புதுசா ஒரு சாக்கு சொன்னேன். இப்ப அவ கூப்பிடறதில்லை."

அவ்வளவுதான் சொன்னார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார். எனக்கு அந்த ஐந்து இட்லி ஞாபகத்துக்கு வந்தது. ஆசைப்பட்டுச் சாப்பிட்ட மனிதரைப் போய் எண்ணினேனே!

இத்தனையும் கேட்டபின் புத்தி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. பாண்டிச்சேரி வரும்வரை மொத்த பஸ்ஸும் எங்களுக்காகச் சாக்கு யோசித்தது. லிஃப்ட் சரியில்லை என்று சொல்லலாமா? புது லிஃப்ட். தண்ணீர் உப்பு? மெஷின் போட்டுவிடுவான். கடைசியில் வசந்திதான் சொன்னார். "வாஸ்து சரியில்லைன்னு சொல்லிடுங்கக்கா. அதுக்கு யாரும் எதிர்க் கேள்வி கேக்க மாட்டாங்க."

பஸ்ஸே கை தட்டியது. தீர்மானம் நிறைவேறியது.

பாரம் இறங்கிய சந்தோஷத்தில் பாண்டிச்சேரியை நன்றாகவே பார்த்தேன். சாப்பாட்டுக்கு எங்கள் டேபிளில் இடம் பிடிக்க அடிதடி. தொப்பிக்காரரை என் பக்கத்தில் உட்கார வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் பரிமாறச் சொன்னேன். பிறகு தாவரவியல் பூங்கா. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துத் தோட்டம். என்னென்னவோ தேசத்து மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. வெயில் கீழே இறங்கவே இல்லை. நானும் இவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, குசுகுசுவென்று பேசிக்கொண்டோம். அது ஒரு தனி சுகமாகத்தான் இருந்தது. இவர் பேசுவதை நான் இவ்வளவு பக்கத்தில் குனிந்து கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

எட்டு மணிக்கு வீடு. நித்யா ரவா தோசை வார்த்துப் போட்டாள். அருண், "டூர் எப்படிம்மா?" என்றான்.

இங்கேதான் என் வாய் மறுபடியும் என்னைக் கவிழ்த்தது. நல்ல கதை கையில் இருக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியுமா? வாரம் ஒரு கதை எழுதிப் பிழைக்கிறவள் நான்! கோட்டை வாசலில் அப்பா கை தட்டியதில் ஆரம்பித்தேன். பஸ்ஸில் நாங்கள் ரகசியம் பேசியது, மொத்த பஸ்ஸும் கேட்டது, தொப்பிக்காரர் வந்து அஞ்சு இட்லிதான் என்றது... நித்யாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அருண் டேபிளைத் தட்டித் தட்டிச் சிரித்தான். இவர் மட்டும் சிரிக்கவில்லை. டேபிளுக்கு அடியில் என் காலை மிதித்தார். நான் காலை நகர்த்திக்கொண்டு கதையைத் தொடர்ந்தேன்.

"ஐயோ அத்தை!" என்றாள் நித்யா மூச்சு வாங்க. "அப்படி என்னதான் ரகசியம் பேசினீங்க?"

நான் அவசரமாகத் தோசையை வாயில் திணித்துக்கொண்டேன்.

இவர் முந்திக்கொண்டார். "அதாவது... அந்த ஃபிளாட்ல வாஸ்து—"

"அப்பா" என்றான் அருண். "நம்ம வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவரை வாசலோட திருப்பி அனுப்பினவர் நீங்க."

சிரிப்பு போய்விட்டது. அருண் என்னைப் பார்த்தான். எனக்குத் தொப்பிக்காரர் முகம் ஞாபகம் வந்தது. போதும் என்று தோன்றியது.

"அருண், எங்களுக்கு இங்க வர இஷ்டமில்லைடா. ரெண்டு பேருக்குமே இல்லை. அதைத்தான் பேசினோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். கிச்சன், பால்கனி, சுஜாதா காரு, நான் மூக்கை நுழைப்பது... ஒன்று விடவில்லை. நித்யா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அருண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பிள்ளை அவன். நித்யா வந்துதான் அவன் நாக்கைத் தமிழுக்குத் திருப்பினாள். ஆனால் மனசு நொந்தால் இன்றைக்கும் அவனுக்குத் தெலுங்குதான் வரும்.

"நாக்கு செப்பொச்சு கதா அம்மா..." என்றான். என்னிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா என்கிறான். பிறகு தமிழில் சொன்னான். "இருபத்தி ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. பஸ் டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியலை."

அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். பெற்ற பிள்ளையிடம் சொல்லத் தயங்கியதை முன்பின் தெரியாதவர்கள் எதிரில் கொட்டியிருக்கிறேன். ஏன்? அவர்கள் முகம் வாடினால் எனக்கு வலிக்காது, அதனால்தான். நாம் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோம், இல்லையா? பிரியமானவர்களுக்குச் சாக்கு. மற்றவர்களுக்கு உண்மை.

"உனக்குக் கோவமாடா?" என்றேன்.

"கோவம் இல்லம்மா. பயம். அன்னைலேர்ந்து உங்க நம்பர் போன்ல வந்தாலே கை நடுங்குது. பக்கத்துல இருந்தா இந்த பயம் இருக்காதேன்னுதான் ஃபிளாட் ஃபிளாட்னு உயிரை வாங்கினேன்."

இவர் எழுந்து போய் அவன் தோளில் கையை வைத்தார். பேசியது நித்யாதான்.

"சரி, வழியைப் பார்க்கலாம். அத்தை, சுஜாதா ஆன்ட்டி நம்பர் குடுங்க. ஒரு சாவி அவங்ககிட்ட இருக்கட்டும். பாத்ரூம்ல கைப்பிடி போடணும், வழுக்காத டைல்ஸ் போடணும். வருஷத்துல ரெண்டு மாசம், டிசம்பர் ஜனவரி, இங்க எங்ககூட. மூணாவது மாடி வேண்டாம், இதே வீட்ல." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மூக்கு விஷயம் சொன்னீங்களே... எனக்கும் அந்த பயம் இருந்துது அத்தை. ரெண்டு மாசம்னா எவ்வளவு வேணா நுழைச்சுக்குங்க."

கெட்டிக்காரி. நான் நினைத்தது போல் அவள் ஒன்றும் எனக்குப் பயந்தவள் இல்லை. ரசம்கூட அவளுக்குப் பிடிக்கும் என்பதால்தான் இரண்டு தடவை வைத்தாளாம்.

ஊருக்கு வந்துவிட்டோம். பாத்ரூமில் கைப்பிடி போட்டாகிவிட்டது. இவர் அதைப் பிடித்து, இழுத்து, தொங்கிப் பார்த்து, டெஸ்டிங் செக்‌ஷன் ஆசாமியாகவே பாஸ் போட்டார். சுஜாதா காருவும் நித்யாவும் இப்போது தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குச் சொல்வதில்லை.

கிளம்பிய அன்று சென்னை ஸ்டேஷனுக்கு அருண்தான் வந்து எங்களை ரயில் ஏற்றினான். பெட்டிகளை சீட்டுக்கு அடியில் தள்ளினான். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தான். இறங்கப் போனவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, என் காதருகே குனிந்து சொன்னான்:

"அம்மா, இனிமே ஏதாவது முக்கியமா சொல்லணும்னா பஸ் ஏறாதீங்க. எனக்கு ஒரு போன் பண்ணுங்க."